கதவக்காவின் காலித் தட்டுகள்

“கதவைச் சாத்துங்கப்பா! காத்து என்ன தனியாவா வருது? ஊர்ல இருக்கிற பூஞ்சையை எல்லாம் கைப்பிடிச்சுக் கூட்டிக்கிட்டுல்ல வருது!”

பயறு ஆராய்ச்சி நிலையத்துக்குக் காலையில் வந்து சேருகிறவர்களுக்கு மணியோசை கேட்கிறதோ இல்லையோ, இந்தக் குரல் கேட்டுவிடும். ‘தனியாவா’ என்கிற இடத்தில் குரல் மாடிப்படி ஏறும். ‘கைப்பிடிச்சு’ வரும்போது பல் கடிபடும். கடைசி ‘வருது’வோடு கதவு படாரென்று மோதும். காவலாளி முதல் இயக்குநர் வரை அதை அப்படியே பேசிக் காட்டத் தெரியாதவர் அங்கே கிடையாது. தச்சர் அதில் மன்னன். கதவின் ‘கிரீச்’சையும் வாயாலேயே போட்டு, கடைசியில் தன் தொடையில் ஓங்கி அறைந்து ‘படார்’ வரைக்கும் கொடுத்துவிடுவார்.

“என் குரல் ஒண்ணும் அவ்வளவு கீச்சா இருக்காதே?” என்று கதவக்கா ஒருமுறை அவரை மடக்கினாள்.

“இப்ப பண்ணினது கதவோட குரல்க்கா. உங்களுது அடுத்து வருது, இருங்க.”

அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. சம்பளச் சீட்டுக்கு வெளியே அந்தப் பெயருக்கு வேலையில்லை. அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் கதவக்காதான். இயக்குநர் மட்டும் மரியாதைக்கு ‘மேடம்’ என்பார். ஒருநாள் வெளியூர் விருந்தாளிகளை அழைத்து வந்தபோது வாய் தவறி “இவங்கதான் எங்க கதவக்கா” என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. “வாங்க, உள்ள வாங்க. வந்துட்டு அந்தக் கதவை...” என்று ஆரம்பித்துவிட்டாள்.

அவளுடைய ராஜ்யத்துக்குத் தட்டு அறை என்று பெயர். நீள மேசை ஒன்று, அதன்மேல் முன்பக்கம் மட்டும் திறந்த கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் ஸ்பிரிட் விளக்கு. சுவரோரம் ஆளுயர அலமாரி. அதில் மூடி போட்ட வட்டக் கண்ணாடித் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். மூலையில் இரும்பில் செய்த ஒரு ராட்சதக் குக்கர். எதை உள்ளே வைத்தாலும் அதில் ஒட்டியிருக்கும் உயிரையெல்லாம் ஆவியில் அவித்து எடுத்துவிடும்.

அவளுடைய வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். உருளைக்கிழங்கை வேகவைத்து, வடித்த தண்ணீரில் சர்க்கரையும் கடல்பாசியும் கலந்து, குக்கரில் ஏற்றி இறக்கி, தட்டுகளில் ஊற்றி ஆறவிடுவாள். கண்ணாடி மாதிரி உறைந்து நிற்கும். பூஞ்சைக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. நோய் வந்த இலையின் துணுக்கை அதில் வைத்தால், எந்தப் பூஞ்சை நோய் கொடுத்ததோ அது வளர்ந்து முகத்தைக் காட்டும். ஆனால் காற்றில் பறக்கிற கண்ட கண்ட பூஞ்சைக்கும் அந்தச் சாப்பாடு பிடிக்குமே! ஒரு துளி உள்ளே விழுந்தால் போதும், தட்டுக்குத் தாடி முளைத்துவிடும். அதனால் பகல் முழுக்கப் பூஞ்சைக்குச் சமைப்பதும், பகல் முழுக்கப் பூஞ்சையை விரட்டுவதும் ஒரே ஆளின் வேலை.

“பந்தி போட்டுட்டு வாசல்ல கட்டையோட நிக்கிற ஒரே ஆளு என் வீட்டுக்காரிதான்,” என்று அவள் கணவர் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் கண்டக்டர்.

அந்தக் கட்டைக்குப் பலன் இருந்தது. அவள் ஊற்றி வைத்த தட்டு எத்தனை நாள் ஆனாலும் பொட்டு விழாமல் இருக்கும். நிலையத்தில் எது பளிச்சென்று இருந்தாலும் ‘கதவக்கா தட்டு’ என்பார்கள். புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த சுவர் கதவக்கா தட்டு. மொட்டை அடித்துக்கொண்டு வந்த கணக்காளரின் தலையும் கதவக்கா தட்டு.

குறை ஒன்றுதான், அந்தக் கதவு. ஈரத்தில் உப்பிப்போய்ச் சட்டத்தில் உட்காராது. தோளால் இடித்தால்தான் சாத்தும். நடைபாதையில் யாராவது கொஞ்சம் வேகமாக நடந்தாலே மெல்ல வாயைப் பிளந்துகொள்ளும். நடைபாதைக் கோடியில், வயலுக்குப் போகிற பின்கதவுக்கும் அதே சீக்கு.

“தம்பி, இதுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?”

“நாளைக்கு வந்துடறேன்க்கா. அவ்வளவுதானே?”

தச்சருடைய அந்த ‘நாளைக்கு’க்கு நரை விழுந்து பல வருஷம் ஆகியிருந்தது.

கதவக்காவுக்குப் பூஞ்சைமேல் இருந்தது உத்தியோகப் பகை இல்லை, குடும்பப் பகை. அவள் அப்பா ரொட்டிக்கடை வைத்திருந்தார். கீழே அடுப்பும் கடையும், மேலே வீடு. ஒரு மழைக்காலத்தில் பின்சுவர் ஓதம் கண்டு, அலமாரியில் இருந்த ரொட்டியில் பச்சை பூத்தது. வாங்கிப்போன ஒரு பெண்மணி திரும்பி வந்து, கடை நிறைய ஆள் நிற்கும்போது ரொட்டியை இரண்டாகப் பிட்டுக் காட்டினாள்.

“என்னங்க, உள்ள கீரை வச்சு விக்கிறீங்களா? சொல்லவே இல்லையே!”

கூட்டம் சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த சிறுமியால் கடைசிவரை மறக்க முடியவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் கடை கைமாறியது. அப்பா வேறொருவர் அடுப்பில் கூலிக்கு நின்றார். சிறுமி வெந்நீரும் துணியுமாக வீட்டு அலமாரிகளைத் துடைக்க ஆரம்பித்தாள். இன்னும் நிறுத்தவில்லை.

கல்யாணம் ஆகிப் போன வீட்டில் முதல் வேலையாக ஜன்னல்களைச் சாத்தினாள். கண்டக்டர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார். “நான் காத்து வாங்குறதே பஸ் படியிலதான். லீவு நாள்ல எனக்கு மூச்சு முட்டுதுன்னா டிப்போவுக்குப் போயிடுவேன்,” என்பார். மகள் வேறு ஊரில் குடும்பமாகிப் போனபிறகு போனில் முதல் கேள்வியே இப்படித்தான் வரும்: “அம்மா, அப்பாவுக்கு ஒரு ஜன்னலாவது திறந்து விட்டியா?”

நிலையத்துக்குச் சின்ன டாக்டர் வந்து சேர்ந்தது இப்படிப்பட்ட சமயத்தில். செடி படித்து டாக்டர் ஆனவள், மனிதருக்கு ஊசி போடுகிறவள் இல்லை. வயது கம்மி, பேச்சு வேகம். முற்றுப்புள்ளி என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

“அக்கா அக்கா ஒரு விஷயம் தெரியுமா வயல் கோடியில குழாய்த் தண்ணி எட்டாத இடத்துல தட்டைப்பயறு ஒரு கீத்து நிக்குதுல்ல சுத்தி இருக்கிறது எல்லாம் வெயில்ல சுருண்டுடுச்சு இது மட்டும் பச்சைப் பசேல்னு நிக்குது ஏன் சொல்லுங்க?”

“மூச்சு விடும்மா முதல்ல. ஏன்?”

“உள்ள பூஞ்சை இருக்குன்னு நினைக்கிறேன்.”

அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். “எங்க உள்ள?”

“செடிக்குள்ளக்கா. தண்டுக்குள்ள, இலைக்குள்ள. நோய் கொடுக்காது. அது பாட்டுக்குக் குடியிருக்கும்.”

“வேர்ல முடிச்சு முடிச்சா இருக்குமே, அதைச் சொல்றியா?”

“அது பாக்டீரியாக்கா, அது வேற குடித்தனம். இது பூஞ்சை. செடி இதுக்குச் சர்க்கரை கொடுக்கும். பதிலுக்கு இது தண்ணி இல்லாத நேரத்துல செடியைத் தாங்கும், இலை திங்கிற பூச்சிக்கு வாய் கசக்கவும் வைக்கும். சும்மா இல்லக்கா, வாடகை கொடுத்துட்டுத்தான் இருக்கு.”

“பூஞ்சை வாடகை கொடுக்குதா! எங்க அப்பா கடையையே காலி பண்ண வச்ச சாதிம்மா அது.”

“உங்க அப்பா கடையில வந்தது வெளியாளுக்கா. இது வீட்டாளு.”

அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணின் வேகம் பிடித்திருந்தது. தவிர, விஷயத்தில் அவசரம் இருந்தது. கிடங்கில் இருக்கிற விதை எல்லாவற்றிலும் பூஞ்சைக்கொல்லி மருந்தைத் தடவித்தான் மூட்டை கட்டுவார்கள். அந்த மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது, உள்ளே இருப்பதையும் சேர்த்துக் கொன்றுவிடும். தப்பித்தவறி மருந்து தடவாமல் விட்ட மூட்டை ஒன்று எப்போதோ கிழிந்து சிந்தியதில் முளைத்ததுதான் அந்தக் கீற்று. அதில் காய்கள் இன்னும் பிஞ்சு. மாசக் கடைசியில் அந்த வயலை வேறு பயிருக்காக உழப்போகிறார்கள். கீற்று போனால் உள்ளே குடியிருப்பதாகச் சொல்லப்படுகிற ஆளும் போய்விடும்.

இயக்குநர் ஒரே நிபந்தனை போட்டார். அவர் எதையும் ‘பார்க்கப்போனா’ என்றுதான் தொடங்குவார். “பார்க்கப்போனா அங்க பூமிக்கடியில ஏதோ குழாய் ஒழுகுதுன்னுதான் நான் நினைக்கிறேன். இருந்தாலும் தட்டுல வளர்த்துக் காட்டுங்க. காட்டினா அந்தக் கீத்தைச் சுத்தி நானே வேலி போட்டுத் தர்றேன். இல்லன்னா டிராக்டர்தான்.”

வளர்த்துக் காட்ட வேண்டிய கை கதவக்காவின் கை.

“அக்கா, இலைக்கு வெளியில ஒட்டியிருக்கிற பூஞ்சை ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினா, உள்ளேருந்து வந்ததா வெளியேருந்து வந்ததான்னு சண்டை வந்துடும்,” என்றாள் சின்ன டாக்டர்.

“சுத்தம் பத்தி நீ எனக்குச் சொல்றியா?”

முறை ஒன்றும் கடினமில்லை. இலையையும் தண்டையும் பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு ஸ்பிரிட்டில் ஒரு முக்கு, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசல். அலசியதை முதலில் ஒரு தனித் தட்டில் அழுத்தி எடுக்க வேண்டும். வெளித்தோலில் ஏதாவது மிஞ்சியிருந்தால் அந்த அச்சுத்தட்டில் வளர்ந்து காட்டிக் கொடுத்துவிடும். அப்புறம் துண்டு போட்டு வேறு தட்டில் வைக்க வேண்டும். அச்சுத்தட்டு சுத்தமாக இருந்து, துண்டிலிருந்து பூஞ்சை வந்தால் அது உள்ளே இருந்த ஆள்.

அழுகல் நோய் வந்த இலை என்றால் அக்கா இடுக்கியில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள், கொஞ்சம் விட்டாலும் கரைந்துவிடும். இது கிண்ணென்று இருக்கிற நல்ல இலை. கிண்ணத்தில் போட்டு ஊறவிட்டாள். கை காலியானது. கை காலியானால் கால் சும்மா இருக்குமா? நடைபாதையில் யாரோ போனார்கள், கதவு வாயைப் பிளந்தது. “கதவைச் சாத்துங்கப்பா!” என்று கிளம்பினாள். தட்டு அறைக் கதவை இடித்துச் சாத்தி, போனவரைத் துரத்திப் பிடித்துத் திட்டி, கோடிக்குப் போய்ப் பின்கதவையும் இடித்து, வழியில் கிடங்கு ஜன்னலையும் ஒரு பார்வை பார்த்துத் திரும்பினாள். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்த தாளை அவள் பார்க்கவே இல்லை. கொஞ்சம் கூடுதலாக ஊறினால் கொஞ்சம் கூடுதல் சுத்தம். அதில் என்ன தப்பு?

சில நாள் கழித்துத் தட்டுகளைத் திறந்தார்கள். அச்சுத்தட்டு பளிங்கு. துண்டு வைத்த தட்டும் பளிங்கு.

“கதவக்கா தட்டு,” என்று சின்ன டாக்டர் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

மறுபடி வைத்தார்கள், பளிங்கு. மேல் இலை வேண்டாம், அடித்தண்டு வைப்போம் என்றார்கள். பளிங்கு. ஒவ்வொரு தடவையும் இலைகள் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருக்க, அக்காவின் குரல் நடைபாதையில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் பெருமையோடு தட்டை நீட்டினாள். ஒவ்வொரு தடவையும் சின்ன டாக்டரின் பேச்சில் முற்றுப்புள்ளிகள் கூடிக்கொண்டே போயின. அந்தப் பெண் நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பித்தது அக்காவுக்கு என்னவோ செய்தது.

மாசக் கடைசி நெருங்கியபோது இயக்குநர் தாமே வந்தார். தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“பார்க்கப்போனா இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? வேற யாரு தட்டா இருந்தாலும் இன்னொரு தடவை பாருங்கன்னு சொல்வேன். இது மேடம் தட்டு. இவங்க தட்டுல வரலன்னா, இல்லன்னு அர்த்தம்.”

நிலையத்துக்கு வந்த நாளிலிருந்து அக்கா கேட்ட புகழிலேயே பெரிய புகழ் இதுதான். மூலையில் நின்றிருந்த சின்ன டாக்டரின் முகம் கண்ணில் படாமல் இருந்திருந்தால் அதை முழுசாக அனுபவித்திருப்பாள்.

“கடைசியா ஒரே ஒரு தடவை வச்சுப் பாக்கட்டுமா சார்,” என்றாள் அந்தப் பெண். இந்தத் தடவை முற்றுப்புள்ளிகூட இல்லை, மூச்சுதான் நின்றிருந்தது.

“வைங்க, வைங்க. டிராக்டர் வரத்துக்குள்ள வைங்க. பார்க்கப்போனா...” என்று வெளியே போன இயக்குநர் திரும்பித் தலையை நீட்டினார். கதவு அவர் முகத்துக்கு முன்னால் மெல்லத் திறந்துகொண்டிருந்தது. அக்காவின் கண்ணுக்கு இயக்குநர் தெரியவில்லை, இடுக்குதான் தெரிந்தது. தோள் தானாகக் கிளம்பியது.

படார்.

அவருடைய நெற்றியில் எழும்பிய வீக்கம் மறுநாள் காலைக்குள் ஒரு நல்ல காரியம் செய்தது. பல வருஷத்து ‘நாளைக்கு’ அன்றைக்கே வந்துவிட்டது. தச்சர் இழைப்புளியோடும் ஸ்பிரிங்கோடும் வந்து நின்றார்.

“நான் எத்தனை வருஷமா சொல்றேன்?”

“நீங்க வாயால சொன்னீங்க. நேத்து சார் நெத்தியால சொல்லிட்டாரு. அவ்வளவுதானே?”

இரண்டு கதவையும் இழைத்து, எண்ணெய் விட்டு, தலையில் ஸ்பிரிங் போட்டார். இப்போது யார் திறந்தாலும் கதவு தானாகத் திரும்பி வந்து ‘டப்’ என்று உட்கார்ந்தது, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய பிள்ளை மாதிரி.

அன்றைக்குத்தான் கடைசித் தடவை. அக்கா இலைகளைக் கிண்ணத்தில் போட்டாள். நடைபாதையில் யாரோ போனார்கள். அக்கா வாயைத் திறந்தாள். டப். வாயை மூடிக்கொண்டாள். இன்னொருவர் போனார். டப். திட்ட ஆளில்லை, இடிக்கக் கதவில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மேசையைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். வேறு வழியில்லாமல் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்தாள். அதில் எழுதியிருந்த நேரம் சரியாக முடிந்திருந்தது. “இவ்வளவுதானா? வாய் கொப்பளிக்கிற நேரம்கூட இல்லையே,” என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்து, அலசி, அச்சுப் பதித்து, துண்டு போட்டு வைத்தாள்.

மூன்று நாள் கழித்து, சின்ன டாக்டர் வருவதற்கு முன்னால், அலமாரியைத் திறந்தாள்.

தட்டில் பூஞ்சை.

ஒரு தட்டில் இல்லை, துண்டு வைத்த எல்லாத் தட்டிலும். வெள்ளை வெளேரென்று, பஞ்சு பிரித்து வைத்த மாதிரி. அக்காவுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு ஆள் தயாராக இருந்தார்.

“தம்பி! இங்க வா! எண்ணெயா விட்ட நீ? மரத்தூளைப் பறக்கவிட்டு என் அறையையே நாசம் பண்ணிட்டியே! இத்தனை வருஷம் பொட்டு விழாத தட்டு!”

“அக்கா, நான் வெளியதான் நின்னு இழைச்சேன்.”

“காத்து என்ன தனியாவா வருது?”

“கதவே சாத்தியிருந்துச்சேக்கா! அதுக்குத்தானே ஸ்பிரிங் போட்டேன்.”

தச்சரை விரட்டிவிட்டு, தட்டுகளை அள்ளிக்கொண்டு ராட்சதக் குக்கரிடம் போனாள். யாரும் பார்ப்பதற்குள் அவித்துக் கொட்டிவிடலாம். மூடியைத் திறந்தபோது, அடுக்கின் மேலே இருந்த தட்டில் கண் விழுந்தது. அது அச்சுத்தட்டு. அதில் ஒன்றுமே இல்லை.

அக்கா நின்றாள்.

மரத்தூள் பறந்திருந்தால் அச்சுத்தட்டிலும் விழுந்திருக்குமே? மற்றத் தட்டுகளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஆயுசில் பாதியை அழுக்கோடு மல்லுக்கட்டியே கழித்தவள் அவள். அழுக்கின் குணம் அவளுக்குத் தெரியும். அது நடுவில் ஒரு பொட்டு, ஓரத்தில் ஒரு பொட்டு என்று கண்டபடி விழும். பச்சையும் கறுப்பும் கலந்து வரும். இது அப்படி இல்லை. எல்லாம் ஒரே வெள்ளை. தட்டின் நடுவிலோ ஓரத்திலோ ஒரு பொட்டுகூட இல்லை. துண்டின் வெட்டிய முனையிலிருந்து மட்டும் வந்திருந்தது. வெட்டாத தோல் பக்கம் மழுமழுவென்று இருந்தது. வாசல் திறந்ததும் உள்ளிருந்து எட்டிப் பார்த்த மாதிரி.

“அடிப்பாவி,” என்றாள், தன்னைத்தான்.

தட்டு அறையில் மாறியது என்ன? இலை அதே இலை, தண்ணீர் அதே தண்ணீர், கை அதே கை. கதவு மட்டும்தான் மாறியிருந்தது. கதவு மாறியதால் அவள் நடக்கவில்லை. நடக்காததால் இலை அதிகம் ஊறவில்லை. இத்தனை தடவையும் அவள் நடைபாதையில் கத்திக்கொண்டிருந்தபோது, கிண்ணத்தில் பிளீச்சிங் தண்ணீர் தோலைத் தாண்டி உள்ளே போய்...

குக்கரின் வாய் திறந்தே இருந்தது. தட்டுகளை உள்ளே வைத்து மூடினால் கதை முடிந்தது. சின்ன டாக்டர் இன்னும் பார்க்கவில்லை. டிராக்டர் வரும், உழும். ‘மேடம் தட்டுல வரலன்னா இல்லன்னு அர்த்தம்’ என்பது சுவரில் எழுதி வைத்த மாதிரி நிற்கும். தட்டுகளைக் காட்டினாலோ, இதுவரை நீட்டிய காலித் தட்டெல்லாம் பொய் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். கடை நிறைய ஆள் நிற்க, ரொட்டியைப் பிட்டுக் காட்டின கதைதான். இந்தத் தடவை ரொட்டி அவளுடையது.

தட்டுகளை அலமாரியின் அடித்தட்டில், துணிக்குப் பின்னால் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

கண்டக்டர் சீருடையைக் கழற்றி மாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“இந்தா, எனக்குப் புரியற மாதிரி சொல்லட்டுமா? படியில தொங்குறவன் வேற, உள்ள டிக்கெட் வாங்கிட்டுச் சீட்ல உக்காந்திருக்கிறவன் வேற. நீ படியில தொங்குறவனை இறக்கிவிடுறேன்னு வண்டியையே ஆத்துல முக்கிட்டு, ‘பாருங்க, என் வண்டியில ஒருத்தனும் இல்ல, எவ்வளவு சுத்தம்’னு சொல்லியிருக்க.”

“சிரிக்காதீங்க.”

“சிரிக்கலடி. நான்கூடத்தான் சில்லறை குறைஞ்சவன்னு நினைச்சு நல்ல பயணியை இறக்கி விட்டிருக்கேன். விசில் ஊதி வண்டியை நிறுத்தி, பின்னாடியே ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்தேன். கேலிதான் பண்ணினாங்க. அடுத்த ஸ்டாப்ல மறந்துட்டாங்க.”

“எங்க அப்பாவைப் பாத்துச் சிரிச்சவங்க மறக்கல.”

“மறந்துட்டாங்க. நீதான் மறக்கல,” என்றார் கண்டக்டர்.

அக்கா எழுந்துபோய்ச் சமையலறை ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தாள். கண்டக்டர் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவர் புத்திசாலி.

மறுநாள் முதல் வேலையாகச் சின்ன டாக்டரை அழைத்தாள். துணியை விலக்கித் தட்டுகளைக் காட்டினாள். அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வாயிலிருந்து வெள்ளம் கிளம்பியது.

“அக்கா அக்கா அக்கா இது எப்படிக்கா எல்லாத் துண்டுலயும் ஒரே மாதிரி அச்சுத்தட்டுகூட காலியா இருக்கே நான் இப்பவே ஓடிப்போய் சார்கிட்ட...”

“இரு. ஓடாத. இதை மட்டும் வச்சுக்கிட்டுப் போனா, ‘கதவக்கா அறையில மரத்தூள் விழுந்துடுச்சு’ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. நானே அப்படித்தான் தச்சரைத் திட்டினேன். வயலுக்குப் போய் இலை பறிச்சுட்டு வா.”

பறித்து வந்த இலையை இரண்டு கிண்ணத்தில் பிரித்தாள். முதல் கிண்ணத்தைத் தாளில் சொன்ன நேரத்துக்கு எடுத்தாள். இரண்டாவதைப் போட்டுவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். நடைபாதையில் கோடிவரை நடந்தாள். நன்றாகச் சாத்தியிருந்த பின்கதவைத் திறந்து, மறுபடி இடித்துச் சாத்தினாள். எதிரே வந்த கணக்காளரை நிறுத்தி, “கதவைச் சாத்துங்கப்பா!” என்று முழுவதையும் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தாள். கிடங்கு ஜன்னலைப் பார்த்தாள். திரும்பினாள்.

“சாத்தித்தானே இருக்கு, என்னை ஏன் திட்டினாங்க?” என்றார் கணக்காளர்.

“சோதனை நடக்குது, நீங்க போங்க,” என்றாள் சின்ன டாக்டர், சிரிப்பை அடக்க முடியாமல்.

டிராக்டர் வந்த அன்று காலையில் இயக்குநர் தட்டு அறைக்கு வந்தார். நெற்றி வீக்கம் வடிந்து மஞ்சளாகியிருந்தது. கதவிலிருந்து ஓர் அடி தள்ளியே நின்றார். பின்னாலேயே, ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் தச்சர். கணக்காளர் எந்தச் சாக்கும் இல்லாமல் வந்திருந்தார். வெளியே வயல் விளிம்பில் டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது.

மேசையில் இரண்டு வரிசை. ஒன்றில் வெட்டு முனைகளிலெல்லாம் வெள்ளைப் பஞ்சு. மற்றதில் பளிங்கு. இரண்டுக்கும் முன்னால் அவற்றின் அச்சுத்தட்டுகள், இரண்டும் காலி.

“இது நேரத்துக்கு எடுத்தது,” என்று அக்கா முதல் வரிசையைத் தொட்டாள். “இது நான் கதவு சாத்தப் போயிட்டு வந்தது. ரெண்டும் ஒரே செடியோட இலை. ரெண்டுலயும் வெளித்தோல் சுத்தம். உள்ள இருந்ததை நான் இத்தனை தடவையும் பிளீச்சிங்ல ஊறப்போட்டுக் கொன்னிருக்கேன். சின்ன டாக்டர் சொன்னது சரி. செடிக்குள்ள ஆள் இருக்கு.”

இயக்குநர் குனிந்து ஒவ்வொரு தட்டையும் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டுதான் பார்த்தார். பிறகு கணக்காளரிடம், “போய் டிராக்டரை நிறுத்தச் சொல்லுங்க. கீத்தைச் சுத்தி இன்னைக்கே வேலி போடணும். பிஞ்சு முத்தி விதையாகட்டும், அந்த விதையில மருந்து தடவக் கூடாதுன்னு கிடங்குல சொல்லிடுங்க,” என்றார். சின்ன டாக்டர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சநேரத்தில் உறுமல் நின்றது.

இயக்குநர் நல்லவர்தான். ஆனால் நெற்றி அவருடையது. தட்டைக் கீழே வைத்துவிட்டு லேசாகச் சிரித்தார்.

“பார்க்கப்போனா மேடம், இத்தனை வருஷமா ஊரே கதவக்கா தட்டு, கதவக்கா தட்டுன்னு சுத்தத்துக்குச் சத்தியம் பண்ணுதே. அதை இனிமே என்ன பண்றது?”

தச்சர் ‘க்ளுக்’ என்றார். கணக்காளர் திரும்பி வந்து, கதவைக் கையால் பிடித்துத் திறந்துவைத்தபடியே, வேடிக்கை தவறிவிடப் போகிறதே என்று தலையை நீட்டிக்கொண்டிருந்தார். எல்லோருடைய கண்ணும் அக்காவின் முகத்தில். இப்படி ஓர் இடத்தில்தான் அன்று அப்பா சேர்ந்து சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“என் தட்டு சுத்தம்தான் சார், நாளைக்கும் சத்தியம் பண்ணலாம்! ஒரே குறை, வாசல்ல நின்ன கூட்டத்தை விரட்டுற வேகத்துல வீட்டுக்குள்ள இருந்த நல்லவனையும் சேர்த்து வெளுத்துட்டேன். அது என் கை பண்ணின தப்பு. அதைக் கண்டுபிடிச்சு மேசையில வச்சதும் இதே கைதான், குக்கர்ல அவிச்சு மறைக்கல. இனிமே உள்ள இருக்கிறவனுக்கு நானே காவல், அவனுக்கு ஒரு குறையும் வராது. ஆனா வெளியில இருக்கிறவங்களுக்கு அன்னைக்குச் சொன்னதுதான் இன்னைக்கும்: வேடிக்கை பாத்தது போதும், எல்லாரும் கிளம்புங்க, அந்த ஸ்பிரிங்கைப் பிடிச்சுத் தொங்காம கதவைச் சாத்துங்கப்பா!”